இறங்காத அளவு

இதயம் திடீரெனத் தளர்ந்து, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறவர்களின் ரத்தத்தில் அழற்சி எவ்வளவு இருக்கிறது, சிகிச்சையில் அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வு. சேர்ந்த அன்று ஒரு குழாய் ரத்தம், மூன்றாம் நாள் ஒரு குழாய். குழாயில் பெயர் இருக்காது. எண்ணும் பிறந்த தேதியும் மட்டும் ஒட்டியிருக்கும். அதைச் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்து, இயந்திரத்தில் ஏற்றி, வருகிற அளவைப் பதிவேட்டில் எழுதுவது பரிசோதனைக்கூடத்து டெக்னீஷியன் ஒருத்தியின் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக ரத்தத்தோடு புழங்குகிறவள். குழாயைத் தூக்கிப் பார்த்தே ஊசி குத்திய நர்ஸ் புதுசா பழசா என்று சொல்லிவிடுவாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

நாற்பத்தேழாம் எண் குழாய் வந்த காலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. பிறந்த தேதி அவள் அண்ணனுடையது.

அன்றைக்குப் பிறந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வேலையை முடித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடிக்குப் போய் வார்டுக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூன்று தலையணையில் சாய்ந்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அண்ணன்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணி. உள்ளே போகாமல் இறங்கி வந்துவிட்டாள்.

ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. முதல் கணவர் இறந்து நான்கு வருஷம் கழித்து அவள் மறுமணம் செய்துகொண்டாள். பஸ் டிரைவரான அண்ணன், அன்றைக்கு டியூட்டி என்று சொல்லிக் கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு அவரும் வரவில்லை, அவளும் போகவில்லை.

அண்ணன் ரத்தத்தில் முதல் நாள் அழற்சி அளவு நாற்பத்தொன்று. நன்றாக இருக்கிற உடம்பில் ஐந்தைத் தாண்டாது. இதயம் தளர்ந்தவர்களுக்கு இருபது, முப்பது, சில சமயம் நாற்பதும் வரும். நுரையீரலில் கோத்த நீர் வடிய வடிய இதுவும் இறங்கும். அதுவரை அவள் பார்த்த நாற்பத்தாறு பேருக்கும் இறங்கித்தான் இருந்தது. மூன்றாம் நாள் அண்ணனுக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது.

இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, சரிபார்க்கும் திரவத்தை ஏற்றினாள். அது சரியாகக் காட்டியது. அண்ணன் ரத்தத்தையே மறுபடி ஓட்டினாள். நூற்றுப் பதினேழு. வார்டுக்குப் போன் போட்டுச் சாதாரணமாக விசாரிப்பதுபோல் விசாரித்தாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது, மூச்சு சீராக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றாள் நர்ஸ்.

ஆய்வு முடியும்வரை இந்த அளவுகள் வார்டுக்குத் தெரியக் கூடாது என்பது விதி. அதற்கு அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைவிட அவளைக் குத்தியது வேறு ஒன்று. இது வேறு யாரோ ஒருவருடைய ரத்தமாக இருந்தால் இப்படிப் பதறியிருப்போமா? பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். இப்படி ஏறிய எண் ஒன்றுகூட இல்லை. எதையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை என்று தெரிந்ததும்தான் எழுந்திருக்கத் தெம்பு வந்தது.

ஆய்வை நடத்துகிற இதய டாக்டரம்மாவின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"நாற்பத்தேழு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"கூடப் பிறந்தவர்."

டாக்டரம்மா எழுந்தார். "நீங்க சொல்லியிருக்கக் கூடாது. சொன்னப்புறம் நான் சும்மா இருக்கவும் கூடாது. வாங்க, காய்ச்சலே இல்லாம இது ஏன் ஏறுதுன்னு அவரையே கேப்போம்."

அவளைக் கண்டதும் அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருமல் உண்டா, சிறுநீர் எரிகிறதா, எங்காவது புண் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் அண்ணன் பிடி கொடுக்காமல் இல்லை, இல்லை என்றே சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து டாக்டரம்மா வெகுநேரம் கேட்டார். அவர் அதை எடுத்ததும் அண்ணன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்ததைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"எந்தப் பக்கத்துப் பல்லுண்ணா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அவள் திரும்பவும் கேட்டாள்.

"பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவர் அடிக்கடி தலையணைக்கடியில் கைவிடுவதைப் பார்த்திருந்த அண்ணி விடுவிடுவென்று போய் அதைத் தூக்கினாள். அடியில் வலி மாத்திரை அட்டை, பாதிக்கு மேல் காலி. இரண்டு மாதமாகச் சட்டைப் பையில் வைத்து முழுங்கிக்கொண்டிருந்தவர், இங்கேயும் யாருக்கும் தெரியாமல் முழுங்கியிருக்கிறார். லீவு போட்டால் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிற ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். காய்ச்சலை அந்த மாத்திரைதான் மறைத்திருந்தது.

சொத்தைப் பல்லின் சீழிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்கார்ந்திருக்கும் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். மறுநாள் உணவுக் குழாய் வழியாக ஸ்கேன் எடுத்தபோது வால்வில் உளுந்தளவு கட்டி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ரத்தத்திலும் கிருமி வளர்ந்தது. வால்வு ஒழுகியதால்தான் இதயம் தளர்ந்திருக்கிறது. நோய்த்தொற்று உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்ப்பதில்லை என்பதால், நாற்பத்தேழாம் வரியை அடித்துவிடச் சொன்னார்கள். அவள் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டாள்.

கிருமிக்கான மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதே வால்வு மேலும் கெட்டது. பன்னிரண்டாம் நாள் வால்வை மாற்ற ஆபரேஷன். பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி என்று சொல்லியிருந்தார்கள். காலையில் தள்ளுவண்டி வருமுன் அண்ணி டீ வாங்கப் போயிருந்தாள். அண்ணன் தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உன் கல்யாணத்தன்னைக்கு எனக்கு டியூட்டி இல்ல."

"தெரியும்ணா. டிப்போவுல விசாரிச்சேன்."

இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறாள் என்பது அவரை உலுக்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை, இரண்டு கையிலும் ஊசி. அவள்தான் துடைத்துவிட்டாள்.

"அவர் வந்திருக்காரா?"

"கீழ நிக்கிறார். நீங்க சங்கடப்படுவீங்கன்னு மேல வரல."

"வரச் சொல்லு."

அவள் கணவர் படியேறி வந்து கட்டில் ஓரம் நின்றார். அண்ணன் ஊசி குத்திய கையை லேசாகத் தூக்கினார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தள்ளுவண்டி வரும்வரை விடவில்லை.

அண்ணன் பிழைத்தார். ஆறு வாரம் ஊசி மருந்து, பிறகு நான்கு மாதம் ஓய்வு. ஆனால் பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட இனி அனுமதி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிப்போவில் பஸ்கள் வந்துபோகிற நேரம் குறிக்கிற மேசை வேலையைக் கொடுத்தார்கள். முதல் வாரம் அந்த மேசைக்குப் போகாமல் வீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி போனில் சொல்லி அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. கணவர்தான் போய்க் கதவைத் திறந்தார். அண்ணன் வியர்த்துப்போய் நின்றிருந்தார். அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"எப்படிண்ணா வந்தீங்க?" என்றாள், பின்னாலேயே வந்தவள்.

"பஸ்ல. நம்ம ரூட்டுதான்." செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர், மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றார். "புதுப் பையன். பிரேக்க ரொம்ப அழுத்துறான்."

கணவர் மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார்.