தின்னர் துடைத்த தரை

நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்குத் தூசி என்றால் ஜென்மப் பகை. அவள் வீட்டு கார் ஷெட்டின் சிமெண்ட் தரையைத் தேய்த்து, புதுப் பூச்சு போட்டுத் தர நானும் என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டதே தப்பு. மிஷினை வண்டியிலிருந்து இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு பொட்டு தூசி வீட்டுக்குள்ள வந்துச்சு, தம்பின்னுகூட பாக்க மாட்டேன்டா!"

என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் புலி, அக்காவுக்கு மட்டும் பூனை. வீட்டுக்குள் போகிற கதவு, ஷட்டரின் அடியிடுக்கு, சுவரில் காற்று வரும் ஓட்டை என்று கண்ட இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் விரித்து டேப் ஒட்டினார். தோட்டத்துப் பக்கம் இருந்த சின்னக் கதவுதான் எங்களுக்கு வழி. தேய்க்கிற வரைக்கும் அது சரிதான். மிஷினின் வைரப்பல் தட்டு சுற்றச் சுற்ற, பழைய பெயிண்ட் உரிந்து உள்ளே இருந்த கல் தெரிந்தது. பூச்சு பிடிக்க வேண்டுமென்றால் தரை அப்படிச் சொரசொரவென்று இருக்க வேண்டும். மூலைமுடுக்கையெல்லாம் கைமிஷினால் நானே தேய்த்தேன். தூசியை உறிஞ்சி எடுத்தாயிற்று. தின்னர் ஊற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதுதான் பாக்கி.

தின்னர் டின்னைத் திறப்பதற்கு முன்னால் டேப்பையெல்லாம் கிழித்துவிட்டு ஷட்டரைத் தூக்கிவிடுவது எங்கள் வழக்கம். தின்னரின் ஆவி மேலே போகாது. தரையோடு தரையாகப் பரவி அங்கேயே கிடக்கும். ஒரு பொறி போதும்.

நான் பூச்சு டின்களை எடுக்க வண்டிக்குப் போனேன். கலக்கும் வாளியைத் துடைத்து, அண்ணியை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, திரும்பி வந்து சின்னக் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது.

ஒரு டேப்கூடக் கிழியவில்லை. ஷட்டர் இறங்கியே இருந்தது. அவர் அதன் ஓரத்தில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி டின்.

"என்னங்க இது! ஏன் திறக்கல?"

"வெளிய காத்தா இருக்கு. திறந்தா தூசி பறந்து வந்து ஒட்டிக்கும். அப்புறம் அக்கா உயிரை எடுத்துடும்" என்றார். நாக்கு குழறியது.

அவர் தலைக்குப் பக்கத்தில், சுவரில், கேஸ் ஹீட்டர். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்தால் தானே பொறி அடித்துப் பற்றிக்கொள்கிற ரகம். காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போதுதான் அது என்னவென்று உறைத்தது.

மாடியில் குழந்தை அழுதது. "இதோ, குளிச்சிடலாம்டா தங்கம்" என்று அண்ணி கொஞ்சுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.



"எதையும் தொடாதீங்க! வெளிய வாங்க!" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "அண்ணி! அண்ணி!" என்று கத்திக்கொண்டே சுவரோரமாக ஓடினேன். குழந்தையின் அழுகையில் என் குரல் எடுபடவில்லை. மாடிக்கு ஓட நேரமில்லை. தண்ணீர் ஓடினால்தானே ஹீட்டர் எரியும்? வீட்டுக்குப் போகிற மெயின் குழாயின் வால்வு பின்பக்கம் இருந்தது. பிடித்துத் திருகினேன். அசையவில்லை. கையுறை வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்து அதை எறிந்துவிட்டு, உடம்பையே வால்வின்மேல் போட்டுத் திருப்பினேன். உள்ளங்கை கிழிந்தது. இப்போது வெடிக்கும், இதோ இப்போது, என்று ஒவ்வொரு திருப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே ஜன்னலில் அண்ணியின் தலை தெரிந்தது.

"ஏய், தண்ணிய எவ நிறுத்தினது? இப்பத்தான் குழந்தைய டப்புல உக்கார வெச்சேன்!"

"குழந்தையத் தூக்கிட்டு முன்வாசல் வழியா ரோட்டுக்கு வாங்க! ஒரு சுவிட்சையும் தொடாதீங்க! வாய மூடிட்டு வாங்க!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. தலை மறைந்தது.

அவர் இன்னும் வெளியே வரவில்லை. திரும்பி ஓடினேன். உள்ளே எழுந்து நின்று தள்ளாடிக்கொண்டிருந்தார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. விரல் ஷட்டர் மோட்டாரின் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது.

"இதத் திறந்துட்டா... நீ திட்ட மாட்டல்ல?"

பட்டனை அழுத்தினால் மோட்டாரே பொறி அடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஓடவும் பயம். காலி டின் காலில் இடறி, நாங்களே கல் தெரியத் தேய்த்த அந்தத் தரையில் உரசினால் என்ன ஆகும்? அடி மேல் அடி வைத்து நடந்தேன். அவருடைய விரல் பட்டன்மேல் இருந்தது. பின்னாலிருந்து இடுப்பை வளைத்துப் பிடித்தேன். எனக்கு இரண்டு பங்கு கனம் அந்த மனுஷன். எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. புல்லில் விழுந்ததும் வாந்தி எடுத்தார். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக, ரோட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். குழந்தை ஈரத் துண்டுக்குள் நடுங்கியது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று. ஹீட்டரைப் பற்றி நான் சொல்லி முடித்தபோது அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"முதல்ல பச்சத்தண்ணிதான் திறந்தேன்" என்றாள் மெதுவாக. "டப்புல பாதி ரொம்புச்சு. சுடுதண்ணிக் குழாயில கை வெச்சுத் திருப்பிட்டேன். அப்பத்தான் நின்னுச்சு. ஒரு சொட்டு வரல."

"எந்தக் கை?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

அவள் வலது கையை நீட்டினாள். அதை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். என் ரத்தம் அவள் விரலெல்லாம் ஒட்டியது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி மணியடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும்வரை நானும் விடவில்லை.