ஊசித்தாளில் நான் வெட்டிய வரி

1

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, இரண்டாம் மாடி வீடொன்றின் சமையலறையில், ஒரு தையற்காரரின் வயிற்றில் அவர் மனைவி முதல் ஊசியைப் போட்டார்.

மனைவி என் அக்கா. தையற்காரர் என் அத்தான். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த குறிப்புத்தாளிலிருந்து. விரித்தால் மேசை நிறையும், எழுத்தோ பொடி.

"நீதான் எழுதுறவனாச்சே. பெரிய எழுத்துல, ஒரே பக்கத்துல எழுதிக் குடு" என்றாள் அக்கா.

கொடுத்தேன். நான் எழுதியதில் தினமும் வாசிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

2

("எச்.ஐ.வி. என்ற இடி அந்தக் குடும்பத்தின் மேல்" என்று தொடங்கி விட்டுவிட்டேன். இடி விழுந்து பதினோரு வருடமாகிறது. அவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். "அவர் முகத்தில் ஓர் ஆழ்ந்த" என்றும் தொடங்கினேன். அவர் முகத்தில் இருப்பது உதட்டில் கவ்விய குண்டூசிகள்.)

செய்தி இதுதான். தினசரி மாத்திரைகளால் அத்தான் உடம்பில் வைரஸ் சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. கைகால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேர்ந்து அது கல்லாக முன்னே வந்தது. "எத்தனை மாசம் மாஸ்டர்?" என்று ஒரு வாடிக்கையாளர் சிரித்த நாளிலிருந்து, அத்தான் பக்கவாட்டில் நின்றே அளவெடுத்தார். மருத்துவர் சர்க்கரையையும் வேறு சிலவற்றையும் சோதித்துவிட்டு இந்த ஊசியை எழுதினார். உடம்பு இளைக்க இதைப் போடுவதில்லை, உள்கொழுப்புக்கு மட்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

3

என் தாளில் இருந்தவை: கையைக் கழுவவும். தூள்மருந்தில் பெட்டியோடு வரும் தண்ணீரைச் சேர்த்தபின் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டவும். கலங்கலாக இருந்தால் போட வேண்டாம். தொப்புளுக்குக் கீழே, தழும்பு இல்லாத இடத்தில், தினம் ஓர் இடம். போட்ட ஊசியை மூடாமல் கெட்டி டப்பாவில் போடவும். ஒருவருக்குப் போட்டதை இன்னொருவர் தொட வேண்டாம்.

"தினம் ஓர் இடம்" என்பதை அத்தான் தன் தொழிலாகவே எடுத்துக்கொண்டார். செய்தித்தாளில் தன் வயிற்றுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டி, பதினான்கு துளை போட்டு, எண்ணும் எழுதினார். அக்கா அதை வைத்துப் பார்த்துவிட்டுக் குத்துவாள்.

"அசையாதீங்க. இன்னைக்கு ஒம்பது."

"ஒம்பதா? நேத்தும் ஒம்பதுதானே குத்தின?"

"நேத்து எட்டு. நம்பிக்கை இல்லன்னா நீங்களே குத்திக்குங்க."

"எனக்குத் துணியக் குத்தத்தான் தெரியும்."

(இங்கே அவர்களைப் பிரிய மனமில்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். எடுத்துவிட்டேன். வெட்டுவது எனக்குப் பழக்கம். அதுதான் பிரச்சினையே.)

4

மே மாதம் அக்கா தொலைபேசியில் சொன்னாள்: "அத்தானுக்குக் கண்ணு மங்குதுடா. நூல் கோக்க என்னைக் கூப்பிடுறார். புதுக் கண்ணாடி வாங்கியும் சரியாகல."

கடைக்குப் போனேன். அவர் பட்டன் துளையைப் பார்த்த பார்வையில் மங்கல் இல்லை. விரல்களைத்தான் உதறிக்கொண்டே இருந்தார்.

"கண்ணு இல்ல மாப்ள. ஒரு மாசமா விரல்ல எறும்பு ஊருது. அவகிட்ட சொல்லிடாத. சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க." டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிக் காட்டினார். "ரெண்டு அங்குலம்! இப்ப நேரா நின்னு அளவெடுக்கிறேன், பாத்தியா?"

பார்த்தேன். நேராகத்தான் நின்றார்.

மருந்துப் பெட்டியிலிருந்த பெரிய தாளில் ஒரு வரி இருந்தது எனக்கு நினைவு வந்தது: கை மரத்துப்போனாலோ விரல் கூசினாலோ மூட்டு வலித்தாலோ மருத்துவரிடம் சொல்லவும். ஒரே பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று நான் வெட்டிய வரி.*

* வெட்டியபோது தாள் அழகாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

5

வாசகருக்கு இரண்டு முடிவுகள் தயார் செய்தேன். ஒன்றில் நான் வாயைத் திறக்கவில்லை. வயிறு முழுதாக வற்றுகிறது. அவர் எதைக்கொண்டு தைப்பார் என்று அந்த முடிவில் எழுத முடியவில்லை. இன்னொன்றில் அக்காவே கண்டுபிடிக்கிறாள். அதில் நான் குற்றமற்றவன். எனக்குப் பிடித்தது அதுதான். வேண்டுமானால் நீங்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது வேறு. அன்று மாலை சமையலறையில் பெரிய தாளை விரித்து, அந்த வரியை இருவருக்கும் உரக்கப் படித்தேன். நான் வெட்டியதையும் சொன்னேன்.

அக்கா முதலில் அத்தானைப் பிடித்தாள். "கண்ணாடிக் கடைக்கு மூணு தடவ அலைய வச்சீங்களே! வாயில குண்டூசியா?"

"ஆமா" என்றார் அவர். உதட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் கோபம் என் பக்கம் திரும்பியது.

"நீ என்னத்தடா எழுதுற?"

"விடும்மா" என்றார் அத்தான். "மாப்ள, வெட்டுறப்ப உள்ள கொஞ்சம் துணி விட்டு வெட்டணும். ஒட்ட வெட்டினா அப்புறம் பிரிச்சுப் பெருசாக்கவே முடியாது."

அன்றே தாளின் ஓரத்தில் அந்த வரியைச் செருகினேன். அழகு கெட்டது.

6

மே பத்தொன்பதாம் தேதி மருத்துவர் ஊசியை நிறுத்தினார். ஜூலைக்குள் விரல்கள் சரியாயின. இடுப்பு ஒன்றரை அங்குலம் கூடியது. அத்தான் தன் இரண்டு காற்சட்டைகளைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்துத் தைத்தார். நூலை அவரே கோத்தார்.