ஒரு வலி மட்டும்

தேங்காய் உரிக்கிற ஆட்கள் வலியை வெளியே சொல்வதில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றைச் சொல்லலாம். தோளும் வலிக்குது, இடுப்பும் வலிக்குது என்றால் மேஸ்திரி சிரிப்பார். "அப்ப நீ வீட்டுல படுத்துக்கப்பா" என்பார். மறுநாள் கூப்பிடமாட்டார். ஆலங்குடிப் பக்கத்துத் தோப்புகளில் இருபது வருசம் அப்படித்தான் பிழைத்தேன். அந்தப் புத்தியைத்தான் என் மகள் கலைமதிக்கும் கொடுத்தேன்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வலது முழங்காலுக்குக் கீழே வீங்கி, நொண்டி நடந்தாள். புதுக்கோட்டை போகிற பஸ்ஸில், "கழுத்துக்குக் கீழயும் வலிக்குதுப்பா, முதுகும் வலிக்குது" என்றாள்.

"அதெல்லாம் சொல்லாத ஆத்தா. காலு மட்டும்னு சொல்லு. மூணு எடத்தக் காட்டுனா, பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடிக்குதுன்னு அனுப்பிச்சிருவாங்க."

வேறு எங்காவது வலி உண்டா என்று டாக்டர் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இல்லைங்க சார். காலு மட்டுந்தான்."

எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கும் என்று நினைத்து அறுத்துப் பார்த்தார்கள். சோதனையில் கிருமி எதுவும் வரவில்லை. இருந்தாலும் ஆறு வாரம் கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். வலி குறைந்தது, திரும்ப வந்தது. மறுபடியும் அறுத்தார்கள். ஒரு வருசம் அப்படியே போய்விட்டது.

பிறகு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா கலைமதியைக் கேட்க, நான் பதில் சொன்னேன்.

"அண்ணே, வலி ஒங்களுக்கா, அவளுக்கா?"

என் மனைவி செவந்தி சிரித்துவிட்டாள். "புள்ளைக்குப் பசிக்குதான்னு கேட்டாலும் அவருதாங்க சொல்லுவாரு."

டாக்டரம்மா என்னை வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே கலைமதி எல்லா இடத்தையும் தொட்டுக் காட்டியிருக்கிறாள். உடம்பு முழுவதும் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கால், கழுத்துக்குக் கீழே காறை எலும்பு, முதுகு என்று மூன்று இடத்தில் அழற்சி. முதுகெலும்பில் அடுக்கியிருக்கிற எலும்புக் கட்டைகளில் ஒன்று அமுங்கியிருந்தது.

"இது கிருமியால வரல. ஒடம்பே தன் எலும்போட சண்டை போடுது. பல எடத்துல வலின்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, இது வேறன்னு சந்தேகப்பட்டிருப்பாங்க. ஏம்மா நீ சொல்லல?"

"அப்பல்லாம் வலிக்கல டாக்டர்" என்றாள் கலைமதி. எனக்காகப் பொய் சொன்னாள்.

"நான்தாங்க சொல்லவேணாம்னேன்" என்றேன். எல்லாரும் பார்க்க அழுதேன்.

வீக்கம் குறைய மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலும்புக்கு மருந்து ஏற்றுதல் என்று வைத்தியம் நடக்கிறது. கால் தேறிவிட்டது. காலில் இரண்டு தழும்பு. அமுங்கிய கட்டை பழையபடி ஆகுமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

போன மாதம் நானும் அவளும் மட்டும் மதுரைக்குப் போனோம். வலி இல்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். திரும்புகையில் பஸ் படியில் ஏற, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்தாள்.

"வலிக்குதா ஆத்தா?"

"இடுப்புக்கிட்ட லேசா. புதுசாப்பா."

"பெறகு ஏன் அங்கிட்டு சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவீங்கல்ல."

பஸ் கிளம்புமுன் இறங்கினோம். அவள் நடைக்கு நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகையில் சீட்டு கொடுக்கிற ஜன்னலைச் சாத்தப் போனார்கள். கெஞ்சி ஒரு சீட்டு வாங்கினேன்.

"நீயே போய்ச் சொல்லு. நான் வரல."

டாக்டரம்மா அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே அவள் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.