பருத்திமார் போட்ட பாதை

ஓடைப்பள்ளத்தின் தென்கரையில் தெக்கூர், வடகரையில் வடக்கூர். கோவில்பட்டிச் சாலை தெக்கூரோடு முடிந்துவிடும். புதிதாக விடப்போகும் மினிபஸ் பள்ளத்தைத் தாண்டி வடக்கூர் ஏறினால்தான் அங்கே வழித்தடம் கிடைக்கும். அன்றைக்கு வெள்ளோட்டம். இரண்டு ஊரும் சேர்ந்து பாதைக்குச் சரள் அடித்திருந்தார்கள். ஐப்பசி மழை ஒரே ராத்திரிதான் பெய்தது. கரிசல் அத்தனை சரளையும் விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் பளபளத்துக் கிடந்தது.

தெக்கூரில் வண்டியை நிறுத்திய டிரைவர் செண்பகராஜ், சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. வண்டியைப் புதைத்துவிட்டு முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று வண்டியைத் திருப்பப் போனார்.

வடக்கூரிலிருந்து பஸ் பார்க்க வந்திருந்த சீனித்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள். சித்திரையில் கோடைமழை பெய்த அன்று, நெஞ்சுவலி கண்ட அவள் புருஷன் திருப்பதியை ஏற்றி வந்த மாட்டுவண்டி இந்தப் பள்ளத்தில்தான் அச்சுவரை புதைந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேராமலே அவன் உயிர் போய்விட்டது.

"அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு இருங்க. பாதை போட்டுட்டு வாரேன்" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால், திருப்பதி பங்குனியில் பிடுங்கி அடுக்கிய காய்ந்த பருத்திச்செடி, பருத்திமார், இருந்தது. மழைக்காலம் முழுக்க எரிக்க வேண்டிய விறகு. கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, மாட்டுவண்டி புதைந்த இடத்திலிருந்தே பரப்பினாள்.

தெக்கூர்க்காரி பத்திரகாளி கரையில் நின்று கேட்டாள். "ஏட்டி, அடுப்புல எதை வைப்ப?"

"ஒங்க அடுப்புலதான் வந்து சோறாக்கணும், மதினி."

பத்திரகாளி வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது தலையில் ஒரு விறகுக்கட்டு இருந்தது. பின்னால் தெக்கூர்ப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அதைப் பார்த்து வடக்கூரும் இறங்கியது. நடுப்பள்ளத்தில் இரண்டு ஊர் விறகும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது.

பஸ் இறங்கியது. சக்கரத்தின் கீழ் மார் படபடவென்று முறிந்தது. மாட்டுவண்டி புதைந்த அதே இடத்தில் பஸ் ஒருபக்கம் சாய்ந்தபோது சீனித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கையில் வடக்கூர் மேட்டில் குலவைச் சத்தம், ஹாரன் சத்தம்.

பஸ் திரும்பிப் புறப்படுகையில் சேற்றுக்காலோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் செண்பகராஜ்.

"கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு."

"மேலுக்குச் சரியில்லையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். வாசல்வரை போய்ட்டு வரணும்."