வெறும் வானத்தில் எட்டுப் புள்ளிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலதான் இருக்கும். அதை நானே ஒத்துக்கிறேன், யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். ஆனா அன்னைக்கு நான் பட்ட கோபம் நியாயமான கோபம்னு மூணு வாரம் நம்பிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

நான் ஒரு அச்சகத்துல நிறம் சரிபார்க்கிறவ. மருந்து அட்டைப்பெட்டியோ பிஸ்கட் உறையோ, மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி மாதிரித் தாளை விளக்குக்கு அடியில வச்சு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்து, நான் கையெழுத்துப் போடணும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு டெலஸ்கோப், ஒரு கேமரா. அண்ணன் எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு மலைக்குப் போய்ப் படம் எடுத்துட்டு வருவான். நான் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து அதுகளை ஆளாக்குவேன். பதினோரு வருஷமா இதுதான் ஏற்பாடு.

ஆளாக்குறதுன்னா சும்மா இல்லை. அஞ்சஞ்சு நிமிஷமா எடுத்த நானூறு ஐந்நூறு படத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிச் சராசரி எடுக்கணும். எடுத்தாலும் திரை கன்னங்கரேல்னுதான் இருக்கும். அந்தக் கருப்புக்குள்ள பதுங்கிக் கிடக்குறதை மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு இழுக்கணும். எங்க வானியல் சங்கத்துல அதுக்கு இழுப்புன்னே பேர். அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஊர் விளக்கு வெளிச்சம், நிலா வெளிச்சம் எல்லாம் படத்துல ஒரு ஓரமா அழுக்கு மாதிரி படிஞ்சிருக்கும். சாஃப்ட்வேர்கிட்ட, இந்தா, இதெல்லாம் வெறும் வானம்னு அங்கங்க புள்ளி வச்சுக் காட்டணும். அந்தப் புள்ளிகளை வச்சு அது அழுக்கைக் கணக்குப் போட்டு, படம் முழுக்கக் கழிச்சுடும். புள்ளி வைக்கிறதுல என்னை மிஞ்ச ஆளில்லைன்னு எனக்கு ஒரு நினைப்பு.

சங்கத்துல நாங்க நாற்பது பேர். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. படம் கொடுக்கிறவங்க கேமராவுல எடுத்த மூலப் படங்களையும் சேர்த்துக் கொடுக்கணும். சரிபார்க்கிறவர் அதைத் தன் கையால முதல்லேர்ந்து பண்ணிப் பார்த்து, ரெண்டும் ஒத்து வருதான்னு சொல்லணும். அந்தச் சரிபார்க்கிறவர் நான்தான். எனக்குக் கத்திரின்னு பட்டப்பேர். முதுகுக்குப் பின்னால கூப்பிடுறாங்கன்னு அவங்க நினைச்சிருக்காங்க, எனக்கா தெரியாது?

இந்த வருஷம் அண்ணன் படத்தை ஆளாக்குறதுக்கு என்கிட்ட கொடுக்கலை. "நீ எப்பப் பாரு கருப்பை அழுத்தி அழுத்தி வானத்தைத் தார் ரோடு ஆக்கிடுறே. இந்தத் தடவை நானே பண்ணிக்கிறேன்"னு சொல்லிட்டான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பண்ணிக்கோ, யாரு தடுத்தா, முழிச்சுட்டு என்கிட்டதானே வரணும்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன்.

தேர்வுக் கூட்டம் ஞாயித்துக்கிழமை காலையில. நூலகத்துக்கு மாடியில இருக்கிற ஹால். அண்ணன் படம் திரையில வந்ததும் எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்துட்டாங்க. நாங்க மூணு வருஷமா எடுக்கிற அதே நெபுலாதான், புகை மாதிரிப் படர்ந்து கிடக்கிற வாயு மேகம். ஆனா அதுக்கு இடது பக்கத்துல, கெட்டில் மூக்குலேர்ந்து வர்ற ஆவி மாதிரி, மெல்லிசா சிவப்பா ஒரு வளைவு. அந்த வளைவு எந்தப் புத்தகத்துலயும் இல்லை, எந்தப் பட்டியல்லயும் இல்லை.

"இது மட்டும் நிஜம்னா ஆராய்ச்சி நிலையத்துக்கே எழுதிடலாம், உங்க பேர் அதுல நிக்கும்"னார் தலைவர். அவர் ரிடையரான தபால் அதிகாரி, எதையும் எழுதி அனுப்புறதுல அவருக்குத் தனி ஆசை. அண்ணன் கூச்சத்துல காதைத் தடவிக்கிட்டு நின்னான். ஐம்பத்திரண்டு வயசு ஆளு, முதல் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நின்னான்.

தலைவர் என்னைப் பார்த்தார். அண்ணனோட மூலப் படங்களை நான் முந்தின வாரமே வீட்டுல அடுக்கி, புள்ளி வச்சு, கழிச்சு, இழுத்துப் பார்த்துட்டேன். என் படத்துல அந்த வளைவு இல்லை. அடையாளமே இல்லை. அண்ணன் வேற ஒரு புது சாஃப்ட்வேரை உபயோகிச்சிருந்தான். அது நட்சத்திரங்களை எல்லாம் துடைச்சுட்டு வெறும் புகையை மட்டும் மிச்சம் வைக்கும். துடைச்ச இடத்தை அதுவே யூகிச்சு நிரப்பும். அந்த மாதிரிச் சனியன்கள் இல்லாததை வரைஞ்சு வச்சதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

வீட்டுக்குக் கூப்பிட்டுத் தனியாச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? அண்ணன்னு விட்டுக் கொடுத்தா நாளைக்கு நாலு பேர் நாக்குல பல்லுப் படாம பேசுவாங்களேன்னு, எழுந்து நின்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன்.

"இது வானத்துல இல்லை. கம்ப்யூட்டர் வரைஞ்சது."

"என்ன சொல்றே?"ன்னான் அண்ணன். "நான் அந்த சாஃப்ட்வேர் போடாமலும் பார்த்தேன். மங்கலாத் தெரியுதே."

"உனக்குத் தெரியும். நீ தெரியணும்னு ஆசைப்பட்டிருக்கே. சரி, சாஃப்ட்வேரும் வரையலைன்னா அப்போ யாரு, நீ வரைஞ்சியா?"

"நான் எதையும் வரையலை."

"அப்புறம் எப்படி வந்துச்சு? காதுல பூச் சுத்துறதுக்கு வேற ஆளைப் பாரு. மூலப் படத்துல இல்லாதது உன் படத்துல இருந்தா அதுக்குப் பேரு பித்தலாட்டம். அண்ணனா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன?"

அண்ணன் முகத்துல ஈயாடலை. என்னைப் பார்த்து, மெதுவா, "நான் வரையலைம்மா"ன்னு இன்னொரு தடவை சொன்னான். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

அண்ணன் படத்தைத் தேர்வுலேர்ந்து எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் கண்காட்சியில கலந்துக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. சங்கத்து டெலஸ்கோப் எது ரிப்பேரானாலும் பார்க்கிறது அண்ணன்தான், அதுகளை வச்சிருக்கிற அறைச் சாவி அவன்கிட்டதான் இருக்கும். அதை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டான். சாயங்காலம் அண்ணி போன் பண்ணாங்க.

"மனுஷன் சாப்பிடலை. உனக்கு இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

"அண்ணி, தப்பு தப்புதான்."

"உங்க அண்ணன் இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு சின்னப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவ நீ, நீ பார்த்திருக்கியா? சொல்லு."

"இது பொய் இல்லை அண்ணி, இது..."

"பித்தலாட்டம்னு நாற்பது பேர் முன்னால சொன்னியாமே. வை போனை."

நான் வைக்கிறதுக்கு முன்னாடி அவங்களே வச்சுட்டாங்க. எனக்கு இன்னும் வெறி ஏறிச்சு. என்னை வில்லி ஆக்குறாங்களா? சரி, குட்டை முழுசா உடைக்கிறேன்னு முடிவு பண்ணேன். அண்ணனோட மூலப் படங்களையே எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு படியா, இதோ பாருங்க இங்கே வளைவு இல்லை, இங்கேயும் இல்லைன்னு காட்டி, சங்கத்து இணையதளத்துல ஒரு பாடமே போட்டுடலாம்னு கிளம்பினேன்.

மூணாவது சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படிக்கும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு படம் வேணும். அழுக்கு எடுக்குறதுக்கு முன்னால படம் எப்படி இருக்கும்னு காட்டணும்ல? அதுக்காக, வழக்கமா நான் பண்ணவே பண்ணாத ஒண்ணைப் பண்ணேன். அழுக்கோட இருக்கிற படத்தை அப்படியே இழுத்தேன்.

இடது ஓரத்துல வளைவு இருந்துச்சு.

மங்கலா, அழுக்கு வெளிச்சத்துல பாதி முங்கி, ஆனா இருந்துச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டேன், அப்பவும் இருந்துச்சு. அது மேல என் புள்ளிகளைக் கொண்டு வந்து வச்சுப் பார்த்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த நெபுலாவுக்குன்னு நான் வச்ச புள்ளிகள். திரும்பத் திரும்ப வைக்கச் சோம்பல்பட்டு, ஒரு ஃபைலா சேமிச்சு, அதையேதான் ஒவ்வொரு தடவையும் போட்டுக்கிட்டு இருந்தேன். அதுல எட்டுப் புள்ளி அந்த வளைவு மேலேயே வரிசையா உட்கார்ந்திருந்துச்சு. அந்த இடம் கண்ணுக்குக் கருப்பாத் தெரிஞ்சதால வெறும் வானம்னு நானே சாஃப்ட்வேருக்குச் சொல்லியிருக்கேன். அது என் பேச்சைக் கேட்டு, வளைவையும் அழுக்குன்னு எண்ணி, சுத்தமாக் கழிச்சுப் போட்டிருக்கு. எட்டுப் புள்ளியையும் எடுத்துட்டு மறுபடி பண்ணேன். அண்ணன் படத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே வந்து நின்னுச்சு. போன வருஷப் படத்துல பார்த்தேன், அதுக்கு முந்தின வருஷத்துலயும் பார்த்தேன். எல்லாத்துலயும் இருந்துச்சு.

தலையில அடிச்சுக்கிட்டேன். நிஜமாவே, சத்தம் கேக்குற மாதிரி. முட்டாள், முட்டாள், உனக்கெல்லாம் எதுக்குடி கண்ணுன்னு கத்தினேன். அப்பத்தான் இன்னொண்ணு உறைச்சுது. போன வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுறவர் ஒருத்தர் இதே இடத்தைப் படம் எடுத்துட்டு வந்து, இங்கே ஏதோ புகை மாதிரி இருக்கே மேடம்னு கேட்டார். உங்க கேமரா தானாப் போடுற பொரிப்பொரி இரைச்சலைப் போய் புகைங்கறீங்களேன்னு எல்லார் முன்னாலயும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவர் சங்கத்துப் பக்கமே வரலை. அவருக்கு வேலை அதிகம் போலன்னு நான் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அன்னைக்கே அண்ணனைத் தேடிப் போனேன். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சுன்னு வேலைக்குப் போயிருந்தான். ரெண்டாவது மாடியில கதவைத் திறந்து வச்சு, தடுப்புப் போட்டு, லிஃப்ட் கூண்டுக் கூரை மேல உட்கார்ந்து எதையோ முறுக்கிக்கிட்டு இருந்தான்.

"அண்ணா, அது இருக்கு. வளைவு இருக்கு. என் புள்ளிதான் தப்பு."

அவன் ஸ்பேனரை நிறுத்தலை. "எனக்குத்தான் தெரியுமே."

"என்னைத் திட்டேன். நாலு அறை கூட அறை. ஏன் இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"கத்தாதே, நோயாளிங்க இருக்காங்க. எங்கே சொன்னியோ அங்கே போய்ச் சொல்லு."

மறுநாள் ஞாயிறு, சங்கக் கூட்டம். போறதுக்கு முன்னாடி தலைவருக்குப் போன் பண்ணேன். அவர் இழுத்தார். "இதை ஏன் பெருசு பண்ணணும்? தீர்மானத்தை ரத்து பண்ணி உங்க அண்ணனுக்கு ஒரு கடிதம் அனுப்பிடுவோம். சங்கத்துக்கும் கௌரவம் இருக்கில்ல?"

"திட்டினது நாற்பது பேர் முன்னால, மன்னிப்பு மட்டும் உறைக்குள்ளயா? பூசி மெழுகுற வேலையை வேற யார்கிட்டயாவது வச்சுக்குங்க. நான் கூட்டத்துல பேச நீங்க ஒத்துக்கலைன்னா கீழே வாசல்ல நின்னு சொல்வேன்."

அவர் ஒத்துக்கிட்டார். அண்ணியும் அண்ணனும் வந்தாங்க. கடைசி வரிசையில உட்கார்ந்தாங்க. பஸ் டிரைவரையும் நான் நேர்ல போய்க் கூப்பிட்டிருந்தேன். அவர் வரலை, வரமாட்டேன்னு சொல்லிட்டார். அவர் பேரைச் சொல்லி, அவர்கிட்டயும் நான் பண்ணது தப்புன்னுதான் ஆரம்பிச்சேன்.

அப்புறம் திரையில எல்லாத்தையும் பண்ணிக் காட்டினேன். இதுதான் என் எட்டுப் புள்ளி, இதுதான் நான் அழிச்சது, இதோ புள்ளியை எடுத்தா வருது பாருங்கன்னு. "எங்க அண்ணன் எதையும் வரையலை. பித்தலாட்டம் பண்ணினது என் தலைக்கனம். இனிமே நான் சரிபார்க்கிறவ இல்லை." கைதட்டினாங்க. எதுக்குத் தட்டுறாங்கன்னு எரிச்சலா வந்துச்சு. தலைவர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் இன்னைக்கே போயிடும்னு அறிவிச்சார். எல்லாரும் திரும்பி அண்ணனைப் பார்த்தாங்க.

அண்ணன் எழுந்து முன்னால வந்தான். படத்தை ஒரு தடவை நின்னு பார்த்தான். அவன் கையைப் பிடிச்சு, "போதுமா அண்ணா? நிரூபிச்சுட்டேனா?"ன்னு கேட்டேன்.

"நல்லா நிரூபிச்சே"ன்னான். கையை உருவிக்கிட்டான். கோபமா எல்லாம் பேசலை, எனக்கு மட்டும் கேக்குற மாதிரிதான் பேசினான். "அந்த வளைவு நிஜமா இல்லையான்னு கேட்டே பாரு, அதுக்கு நிரூபணம் வேணும், சரி. நான் பொய் சொல்லலைங்கறதுக்குமா உனக்கு நிரூபணம் வேணும்?"

நான் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அண்ணியைக் கூட்டிக்கிட்டு அவன் படியிறங்கிப் போயிட்டான்.