வலப்பக்கம் இன்னும் கொஞ்சம்

மேசையில் மவுஸ் அசையாமல் கிடந்தது. திரையில் அம்புக்குறி மட்டும் தானாக ஓடி ஓடிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. என்னுடைய மவுஸ், என்னுடைய கம்ப்யூட்டர். புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலுக்குக் காணி உறுதிகள் தட்டச்சுச் செய்து கொடுத்து வாங்கியவை. அதற்குள் இப்போது யாரோ ஒருத்தி குடிவந்து, செய்தி வாசிக்கிறவளைப் போல, "பிறந்த திகதி நிரப்பப்பட்டது" என்று என் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெரிக்குக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேற்றராக இருந்தான். அங்கே மெஷினே பதில் சொல்லத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷமாகக் கொட்டாஞ்சேனையில் இந்த இரண்டறை வீட்டுக்குள் நானும் அவனும்தான். கண்டியில் ஒரு வங்கி, வாடிக்கையாளர்களோடு போனில் கதைக்கிற வேலைக்குப் பார்வையற்றவர்களையும் எடுக்கிறது என்று போன வருஷமே கேள்விப்பட்டான். ஆனால் அந்த விண்ணப்பப் பக்கம் மவுஸுக்குத்தான் மசியும், கீபோர்ட்டுக்கு மசியாது. அதனால் நான்தான் நிரப்பினேன். இந்த வருஷம் பற்றிக் என்று அவனுடைய கூட்டாளி ஒருத்தன் வந்து, வாயால் சொன்னால் தானே மவுஸை நகர்த்துகிற ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டான். "பிறிஜெற் அக்கா, இனி உங்களுக்கு லீவு" என்று என்னிடம் பகிடி வேறு.

நாலு மணியோடு விண்ணப்பம் மூடுகிறது. மூன்றரை தாண்டியிருக்கும். எல்லாக் கட்டமும் நிரம்பியதும் அந்தக் குரல் சொன்னது: "உங்கள் கணக்கில் கடந்த ஆண்டு விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. முழுமையாக நிரப்பப்பட்டிருக்கிறது, ஆனால் அனுப்பப்படவில்லை. இதை அனுப்புவதற்கு முன் அதை அழிக்க வேண்டும். அழிக்கட்டுமா?"

டெரிக் என் பக்கம் திரும்பவில்லை.

"அனுப்பினனான் எண்டு சொன்னீங்களே."

"சொன்னனான்."

"மூண்டு மாசம் போனைக் கையில வெச்சுக்கொண்டு இருந்தனான் அக்கா."

போன வருஷம் கடைசிப் பொத்தானுக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்டியில் பஸ்கள் சீறிக்கொண்டு வருகிற ரோட்டை அவன் தடியும் கையுமாகத் தனியே கடப்பது கண்ணுக்குள் வந்தது. மூடிவிட்டேன். அவனுக்காகத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் யாருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது என்ற பயமும் அதற்குள் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அழியுங்க" என்றான் டெரிக். என்னிடம் அல்ல, அந்தக் குரலிடம்.

அழித்தது. அடுத்த பக்கத்தில் அம்பு நின்றுவிட்டது. "இங்கே நீங்கள் மனிதர் என்று உறுதிசெய்கிற பெட்டி இருக்கிறது. உங்களுக்குப் பதிலாக இதை நான் அழுத்தக் கூடாது. மவுஸைக் கையில் எடுங்கள், எந்தப் பக்கம் நகர்த்துவதென்று நான் சொல்கிறேன்."

நான் எழும்பினேன். "விடு, நான் அமத்துறன்."

"தொடாதீங்க."

முப்பத்தொரு வயதில் முதல்தடவையாக மவுஸைப் பிடித்தான், சவுக்காரக் கட்டியைப் பிடிப்பது போல உள்ளங்கையால் முழுதாக மூடி. "வலப்பக்கம்" என்றது குரல். தள்ளினான். அம்பு பாதித் திரையைத் தாண்டியபோது மேசை முடிந்து மவுஸ் சுவரில் முட்டியது. "வலப்பக்கம் இன்னும் கொஞ்சம்." அவன் இன்னும் அழுத்தித் தள்ளினான். அம்பு நகரவில்லை. "வலப்பக்கம் இன்னும் கொஞ்சம்." திரும்பவும் இடித்தான். சுவர்ச் சுண்ணாம்பு மேசையில் உதிர்ந்தது. மூக்கு நுனியில் வியர்வை நின்றது, அவன் விடுவதாக இல்லை. அந்தக் குரலுக்குத் திரை மட்டும்தான் தெரியும், மேசை தெரியாது. அவனுக்கு இரண்டும் தெரியாது. இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். மணி மூன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்த முறை பொய்கூடச் சொல்லத் தேவையில்லை.

"தூக்கு" என்றேன்.

அவன் கை நின்றது.

"சுவர் இடிக்குது. மவுஸைத் தூக்கி இடப்பக்கம் வை. வெச்சிட்டுத் திரும்பத் தள்ளு."

"தூக்கினா அம்பு பின்னால போயிராதா?"

"போகாது. விட்ட இடத்திலயே நிக்கும்."

என்னை நம்புவதா என்று யோசித்தான். யோசிக்கட்டும், அதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. பிறகு தூக்கினான். ஒரு சாண் உயரத்துக்கு. அவ்வளவு தேவையில்லை என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். வைத்தான், தள்ளினான். மறுபடி தூக்கி வைத்தான், தள்ளினான். அம்பு நடுங்கி நடுங்கிப் போய்ப் பெட்டிக்குள் ஏறியது.

"நில்லுங்கள். இப்போது அழுத்தலாம்."

அவனுடைய சுட்டுவிரல் மவுஸின் முதுகைத் தடவியது. நடுவில் உருள்கிற சில்லு. அதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு பொத்தான்கள். குரல் சொல்லும் முன்பே அவன் தலை என் பக்கம் திரும்பியது.

"எது அக்கா?"

"இடது" என்றேன்.

விரல் சில்லைத் தாண்டி மெதுவாக இடப்பக்கம் இறங்கியது.