பக்கக் கதவு

வாங்குவதானால் சிவமணிக்கு நீல நிற வான் வண்டிதான் வேண்டும். பச்சை என்றாலும் பரவாயில்லை. வெள்ளை மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். வெள்ளை வான்களில் ஆட்களைக் கடத்திக்கொண்டிருந்த 2007ஆம் ஆண்டில், கொழும்பு வெள்ளவத்தையில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வான் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு இரண்டு. சின்னவளுக்கு முட்டு வரும், மூச்சு இழுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஆட்டோவை மறித்தால் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, திரும்ப ஏறுவதற்குள் பிள்ளையின் உதடு நீலமாகிவிடும். வானையும் மறிப்பார்கள்தான். ஆனாலும் பிள்ளையைப் பின்னால் படுக்கவைத்திருக்கலாம்.

வத்தளையில் பார்த்த நீல வானின் அடி முழுக்கத் துருப்பிடித்துக் கறள். கிருலப்பனைப் பச்சை வானின் விலை கைக்கு எட்டவில்லை. கடைசியில் கொட்டாஞ்சேனையில் பலீல் என்பவரின் வீட்டு வாசலில் ஒன்று நின்றது. வெள்ளை.

"இஞ்சின் தங்கம் மாதிரி ஈக்குது தங்கச்சி. நெறத்தாலதான் ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல," என்றார் பலீல்.

"வேற நிறம் அடிக்கேலாதோ?" என்று சிவமணி கணவனைக் கேட்டாள்.

சிவானந்தன் புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். "நிறம் மாத்தினால் பதிவுப் புத்தகத்திலயும் மாத்தோணும். தமிழன் ஒருத்தன் போய் வானுக்கு நிறம் மாத்தோணும் எண்டு கேட்டால், பிறகு என்னைத் தேடித் திரிய நீர் இன்னொரு வான் வாங்கோணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பலீல் உள்ளே போய் மனைவி ஹபீலாவைக் கூட்டிவந்தார். இருவரும் சவர்க்காரத் தண்ணீரும் பிளேடுமாக நின்று, கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை உரித்தெடுத்தார்கள். அரை நாள் வேலை. அதற்கென்று காசு எதுவும் வாங்கவில்லை.

"உள்ளுக்குப் புள்ளைகள் ஈக்கிறது வெளிய தெரியட்டும்," என்றார் ஹபீலா.

வாங்கிய வானைக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஏற்றி நசுக்க நான்கு சில்லுக்கடியிலும் தேசிக்காய் வைத்தபோது சிவமணி சாமியிடம் ஒன்றைத்தான் கேட்டாள்: நேசமலரக்கா பயப்படக்கூடாது.

நேசமலரக்கா அவர்கள் வீட்டின் மேல்மாடியில் தனியே இருப்பவர். போன ஆவணியில் அவருடைய மகன் சுகிர்தனை வீட்டுக்கு முன்னால் உள்ள இந்த ஒழுங்கையில் வைத்துத்தான் ஒரு வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று தெரியாது. முறைப்பாடு கொடுத்தார்கள். பிறகு ஒழுங்கை தன்பாட்டுக்கு இருந்தது. அன்று சிவமணி குசினியில் நின்றாள். அந்த வானின் பக்கக் கதவு இழுபட்டு மூடிய சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. சோற்றை இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகு எதற்கும் அவளுக்கு அழுகை வந்ததில்லை.

வான் வந்த முதல் மாலை, வீட்டு வாசலில் சிவானந்தன் பக்கக் கதவைப் பலமாக இழுத்துவிட்டான். மேலே ஏதோ பாத்திரம் விழுந்தது. நேசமலரக்கா வெறுங்காலுடன் படியிறங்கி ஓடிவந்தார். வானுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். திரும்பப் படியேறிப் போனார்.

"பாத்தனீங்களே? அக்கா பயப்படுவா எண்டு நான் சொன்னனான் எல்லே," என்றாள் சிவமணி.

அன்றிலிருந்து ஒழுங்கைக்குள் பக்கக் கதவு திறப்பதில்லை. முன் கதவால் ஏறி, சீற்றுக்கு மேலால் பின்னுக்குப் போனார்கள். பெரியவனுக்கு அது விளையாட்டு. சின்னவளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்துச் சிவமணிக்கு முதுகு பிடித்தது.

"எட்டுப் பேர் ஏறுற வானை வாங்கிப்போட்டுக் கள்ளர் மாதிரி ஏறுறம்," என்றான் சிவானந்தன்.

"கதையாமல் ஏறுங்கோ."

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு மாலை, சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். பிள்ளை அப்போதுதான் மூச்சு ஆறிப் பின்சீற்றில் தூங்கியிருந்தாள். தூக்கினால் எழும்பிவிடுவாள். என்ன செய்வதென்று தெரியாமல் சிவமணி வாசலில் நின்றாள். பால் வாங்கிக்கொண்டு வந்த நேசமலரக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் பிள்ளை, அந்தக் கதவு பழுதோ?"

"இல்லையக்கா."

"பிறகேன் திறக்கிறியள் இல்லை?"

"உங்களுக்கு... அந்தச் சத்தம்... அண்டைக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள்."

"பயமோ?" நேசமலரக்காவின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "எனக்கு இனி என்னத்துக்குப் பயம்? அந்தச் சத்தத்தோடதான் அவன் போனவன். வந்தாலும் அந்தச் சத்தத்தோடதான் வருவான் எண்டு கிடக்கு. அதுதான் ஓடி வந்தனான். அதுக்குப் பிறகு நீங்களும் திறக்கேல்லை. எனக்கும் கீழ ஓடி வர ஒரு அலுவலும் இல்லை."

சிவமணிக்குக் கண் கலங்கவில்லை. கலங்கும் என்று சற்று நேரம் பார்த்தாள். பிறகு கைபிடியைப் பிடித்துக் கதவை முழுதாக இழுத்தாள். அதே சத்தம்.

நேசமலரக்கா உள்ளே பார்த்தார். கடைசிச் சீற்றுவரை, மூலைவரை பார்த்தார். பார்த்து முடிந்ததும் பால் பையைச் சிவமணியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்போது தினமும் ஐந்தரைக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வான் வந்து கதவு இழுபட, மேலே படியில் செருப்புச் சத்தம் கேட்கும். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு துள்ளுவாள். சிவமணி அவசரப்பட்டுப் பிள்ளையைக் கொடுப்பதில்லை. நேசமலரக்கா உள்ளே பார்த்து முடியும்வரை கதவைப் பிடித்தபடி நிற்பாள்.